அம்பிளிக்கையும் கொஞ்சம் வினிகரும்

திண்டுக்கல்னு சொன்னதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்னு எனக்குத் தெரியும். பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை, சிறுமலை வாழைப்பழம். கொஞ்சம் வயசானவங்களா இருந்தா அங்குவிலாஸ் போயிலை. சேலை எடுக்குறவங்களுக்குச் சின்னாளபட்டி. எங்க ஊர்க்காரங்களுக்கே இதைத் தாண்டிப் பெருமை பேச ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியலை.

ஆனா பிரான்சிலயோ ஆப்பிரிக்காவிலயோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புல வேலை பார்க்கிற ஒரு டாக்டர்கிட்ட 'திண்டுக்கல்'னு சொல்லிப் பாருங்க. பிரியாணி ஞாபகம் வராது அவருக்கு. 2007ல 'லான்செட்' இதழ்ல வந்த ஒரு ஆய்வு ஞாபகம் வரும். அந்த ஆய்வு நடந்த காலத்துல நான் இதே மாவட்டத்துல பஸ்ல போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை காதுல விழலை. ரொம்ப வருசம் கழிச்சு, வேற எதையோ தேடப் போய்த்தான் கண்ணுல பட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கலை. காரணம் எங்க பெரியம்மா.

பெரியம்மா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். சின்ன வெங்காயக் காட்டுல வேலை. தீட்டு நின்னு அஞ்சாறு வருசம் ஆன பிறகு மறுபடியும் பட ஆரம்பிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. எப்படிச் சொல்லும்? வீட்டுல ரெண்டு மருமகன்கள் வந்து போற நேரம். துணியை ராத்திரியில துவைச்சு, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி காயப் போட்டிருக்கு. அப்புறம் இடுப்பு வலி, நாத்தம். உடம்புச் சூடுன்னு அதுவாவே முடிவு பண்ணி மோரும் வெந்தயமுமா ஒரு வருசம். அப்புறம் பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர், சத்து ஊசியும் டானிக்கும். எந்த இடத்துலயும் யாரும் படுக்க வச்சு உள்ளே பார்க்கலை. கடைசியா 1998ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப, 'மூணாவது ஸ்டேஜ், கரண்ட்தான் வைக்கணும்'னு சொல்லிட்டாங்க. (ரேடியேஷனை எங்க பக்கம் 'கரண்ட் வைக்கிறது'ன்னுதான் சொல்வாங்க. பெரியம்மா ஷாக் அடிக்கும்னு பயந்துக்கிட்டே போச்சு.) கரண்டும் வச்சாங்க. 1999 தை மாசம் போயிருச்சு.

இனி விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் நண்பர்கள் பொறுத்துக்கோங்க, நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட பாஷையில சொல்றேன்.

கர்ப்பப்பையோட வாய் ஒரு விநோதமான இடம். வெளிப்பக்கம் ஒரு வகைத் தோல், உள்ளே கால்வாய்ப் பக்கம் இன்னொரு வகை. ரெண்டும் சந்திக்கிற எல்லையிலதான் பெரும்பாலும் கோளாறு ஆரம்பிக்குது. காரணம் ஹெச்பிவின்னு ஒரு வைரஸ். 1980களின் தொடக்கத்துல ஜெர்மனியில ஹரால்டு சூர் ஹவுசன் குழு இந்தப் புற்றுக்குள்ள 16, 18ங்கிற ரெண்டு வகை வைரஸைக் கண்டுபிடிச்சாங்க, 2008ல அவருக்கு நோபல் கிடைச்சது. தாம்பத்தியத்துக்குள்ள வந்த பெரும்பாலான பெண்களுக்கு எப்பவாவது ஒரு தடவை இந்த வைரஸ் வரும், ஒண்ணு ரெண்டு வருசத்துல தானா போயிரும். சிலருக்கு மட்டும் போகாம ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டதும் நாளைக்கே புற்றாகாது. முதல்ல செல்கள் லேசாக் கெட்டு, அப்புறம் இன்னும் கெட்டு, பத்துப் பதினஞ்சு வருசம் இழுத்துத்தான் புற்றாகும்.

அந்தப் பத்துப் பதினஞ்சு வருசத்தை நல்லாக் கவனிங்க. மத்த பல புற்றுநோய்கள்ல இவ்வளவு நீளமான அவகாசம் கிடையாது. அந்த அவகாசத்துல யாராவது ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் பிடிச்சுரலாம். எங்க பெரியம்மாவுக்கு 1985 வாக்குல (திண்டுக்கல் தனி மாவட்டம் ஆன வருசம்) யாராவது பார்த்திருந்தா அஞ்சு நிமிச வேலையில முடிஞ்சிருக்கும்.

எட்டிப் பார்க்கிற வழி ஒண்ணும் புதுசு இல்லை. ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ்னு கிரேக்க நாட்டுக்காரர், அமெரிக்காவுல கினி எலிகளை வச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவர். யோனித் திரவத்தைக் கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தா புற்றுச் செல் தெரியும்னு 1928லயே சொன்னார். யாரும் கண்டுக்கலை. 1943ல ஹெர்பர்ட் டிராட் கூடச் சேர்ந்து புத்தகமாப் போட்ட பிறகுதான் 'பாப் ஸ்மியர்' உலகம் சுத்த ஆரம்பிச்சது. இதுல எனக்குப் பிடிச்ச ஆள் அவர் மனைவி ஆந்த்ரோமகி. வருசக்கணக்கா, கிட்டத்தட்ட தினமும், புருசனோட ஆராய்ச்சிக்கு மாதிரி கொடுத்தது அந்த அம்மாதான். பேரு மட்டும் 'பாப்' பேரு. சரி விடுங்க, இது எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்.

பாப் ஸ்மியரை வச்சு கனடாவுல, பின்லாந்துல, அப்புறம் பிரிட்டன்ல இந்த நோயை நல்லாவே குறைச்சுட்டாங்க. அப்ப இந்தியாவுல ஏன் குறையலை? ஸ்மியர் எடுக்கிறது சுலபம். அதைப் படிக்க ஆள் வேணும், லேப் வேணும், சந்தேகமா இருந்தா மறுபடி கூப்பிடணும், அப்புறம் கோல்போஸ்கோப், அப்புறம் பயாப்ஸி, அப்புறம் சிகிச்சை. நாலு தடவை டவுனுக்கு வரணும். களை எடுக்கப் போனாத்தான் அன்னிக்குக் கூலிங்கிற ஒரு பெண்ணை, 'உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்க' நாலு நாள் வரச் சொன்னா வருமா? ரிசல்ட் வர்றதுக்குள்ள அது ஆளையே கண்டுபிடிக்க முடியாது.

இங்கதான் வினிகர் வருது.

3லிருந்து 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். ஏறக்குறைய சமையல் வினிகர் வீரியம்தான். அதைப் பஞ்சுல நனைச்சு கர்ப்பப்பை வாயில தடவி ஒரு நிமிசம் பொறுத்தா, கெட்டுப் போக ஆரம்பிச்ச இடம் மட்டும் வெள்ளையாத் தெரியும். அந்தச் செல்கள்ல கருவும் புரதமும் நெருக்கமா இருக்கும், அமிலம் பட்டதும் திரிஞ்சு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பாலுல எலுமிச்சை பிழிஞ்ச மாதிரின்னு வச்சுக்கோங்க. நல்ல லைட்டு, ஒரு ஸ்பெக்குலம், பயிற்சி எடுத்த நர்ஸ் ஒருத்தர் போதும். ரிசல்ட் அங்கேயே, அப்பவே. இதுக்கு வைச்ச பேரு விஐஏ. (வீட்டு வினிகரை எடுத்துக்கிட்டு யாரும் சொந்த ஆராய்ச்சியில இறங்கிராதீங்க மக்களே. பார்க்கத் தெரிஞ்ச கண்ணுலதான் விஷயமே இருக்கு.)

அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கிற வழக்கம் ஜெர்மனியில ஹான்ஸ் ஹின்செல்மான் கிட்ட இருந்து வந்தது. 1925ல கோல்போஸ்கோப் செஞ்சவரும் அவர்தான். இந்த மனுசன் கதையில ஒரு கருப்புப் பக்கம் உண்டு. ஆஷ்விட்ஸ் முகாம்ல அடைபட்டிருந்த பெண்கள் மேல அங்கிருந்த தலைமை டாக்டர் இதே கருவியை வச்சு சோதனை செஞ்சு, எடுத்த சதையை ஹாம்பர்க்குல ஹின்செல்மானுக்கு அனுப்பியிருக்கார். இதை ஏன் சொல்றேன்னா, யார் உடம்புல எதைச் சோதிச்சாங்கங்கிற கேள்வி இந்த நோயோட வரலாறு முழுக்கக் கூடவே வருது. எங்க ஊருக்கும் வந்துச்சு. கீழே சொல்றேன்.

அம்பிளிக்கை, ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்கிற ஊரு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் எல்லாருக்கும் தெரியும். 1955ல டாக்டர் ஏ.கே. தரியன் அங்க கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அம்பிளிக்கையில இருக்கிற சமுதாய நல மையம் டாக்டர் ஜேக்கப் செரியன் நடத்தினது. எங்க சனத்துக்கு 'செரியன் ஆஸ்பத்திரி'. அங்க 1990களின் நடுவுல ஒரு காரியம் ஆரம்பிச்சாங்க. கேட்டா பெருசாத் தெரியாது: சுத்துவட்டாரத்துல யாருக்குப் புற்றுநோய் வந்தாலும், எங்க போய் வைத்தியம் பார்த்தாலும், தேடிப் பிடிச்சு நோட்டுல எழுதுறது. புற்றுநோய்ப் பதிவேடு. அப்ப இந்தியாவுல இருந்த பதிவேடுகள் பெரும்பாலும் சென்னை, மும்பை மாதிரி பெருநகரங்களுக்கு. கிராமத்துக்குன்னு மகாராஷ்டிராவுல பார்சி மாதிரி விரல்விட்டு எண்ணலாம், அதுவும் 1987லதான்.

எழுத ஆரம்பிச்சதும் தெரிஞ்சது, இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வர்ற புற்றுகள்ல முதலிடம் கர்ப்பப்பை வாய்க்குத்தான். ஊரு சனம் 'கர்ப்பப்பை அறுந்து போச்சு', 'உதிரப்போக்கு'ன்னு சொல்லிப் பொதைச்சதுக்கெல்லாம் முதல் தடவையா கணக்கு வந்துச்சு. இந்த நோட்டு இல்லேன்னா அடுத்து நடந்த ஆய்வே கிடையாது. பரிசோதனை பண்ணதுனால சாவு குறைஞ்சதா இல்லையான்னு சொல்ல, சாவை எண்ண ஒருத்தர் வேணுமில்லையா?

2000ல ஆய்வு தொடங்குச்சு. பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், அங்க இருந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன் (அதுக்கு முன்னாடி திருவனந்தபுரத்துல வேலை பார்த்தவர்), அம்பிளிக்கையில டாக்டர் எஸ்மி, டாக்டர் ராஜ்குமார், டாக்டர் செரியன், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துல இருந்து கணக்குப் பார்க்க சுவாமிநாதன். பணம் கேட்ஸ் அறக்கட்டளையில இருந்து.

மாவட்டத்துல 114 பகுதிகளை எடுத்துக்கிட்டு, குலுக்கிப் போட்ட மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. 57 பகுதிகள்ல 30லிருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்களை ஒரே ஒரு தடவை விஐஏ பரிசோதனைக்குக் கூப்பிடுறது. மீதி 57 பகுதிகள்ல வழக்கமா என்ன கிடைக்குமோ அது மட்டும். கூப்பிட வேண்டிய பகுதிகள்ல 49,311 பெண்கள், வந்தது 31,343 பேர். கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு. எங்க ஊரை அறிஞ்சவன்கிற முறையில சொல்றேன், இது சாதாரணம் இல்லை. பல்லு வலிக்கே ஆஸ்பத்திரி போகாத சனத்தை, ஒரு நோவும் இல்லாதப்ப, இப்படி ஒரு பரிசோதனைக்கு வர வச்சிருக்காங்க. அந்த வீட்டுக்கு வீடு போன பெண்கள் பேரெல்லாம் லான்செட்ல வரலை.

வந்தவங்கள்ல 3,088 பேருக்கு வெள்ளை தெரிஞ்சது, பத்துல ஒருத்தர் மாதிரி. அவங்களை 'அடுத்த வாரம் வாங்க'ன்னு அனுப்பலை. அதே இடத்துல நர்சுகளே கோல்போஸ்கோப் பார்த்து, சதை எடுத்து, பொருத்தமா இருந்தா அன்னிக்கே குளிர் சிகிச்சையும் கொடுத்திருக்காங்க. குளிர் சிகிச்சைன்னா கேஸ் சிலிண்டர்ல இணைச்ச ஒரு உலோக முனையை அந்த இடத்துல வச்சு உறைய வைக்கிறது. மூணு நிமிசம் உறைய வச்சு, அஞ்சு நிமிசம் விட்டு, மறுபடி மூணு நிமிசம். மயக்க ஊசி வேண்டாம், தையல் வேண்டாம். பெரிய புண்ணா இருந்தாலோ புற்றாவே ஆகியிருந்தாலோ மேல் சிகிச்சைக்கு அனுப்புறது. டாக்டர் செய்யிற வேலையை நர்ஸ் செய்யலாமான்னு இன்னிக்கும் சண்டை போடுற நாட்டுல, 2000ல, ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துல! எனக்கு இதுதான் இந்த ஆய்வுலயே பெரிய சங்கதி.

எல்லாமே ஜோரா நடந்துச்சுன்னும் இல்லை. புற்றுக்கு முந்தின நிலைன்னு தெரிஞ்ச 1,874 பேர்ல 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கிட்டாங்க. மீதிப் பேரு, உனக்கு இது இருக்குன்னு சொன்ன பிறகும் எடுத்துக்கலை. பெரியம்மாவை நினைச்சா எனக்கு ஆச்சரியமா இல்லை.

2006 கடைசி வரைக்கும் பதிவேட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. பரிசோதனைப் பகுதிகள்ல 167 பேருக்குப் புற்று, 83 சாவு. மத்தப் பகுதிகள்ல 158 பேருக்குப் புற்று, 92 சாவு. 'என்னப்பா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு'ன்னு தோணும். அந்தப் பக்கம் பெண்கள் 30,958 பேர்தான், ஆள்தொகை குறைவு. அதையும், வயசு மாதிரி வித்தியாசங்களையும் சரிக்கட்டினா புற்று வர்றது 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைவு. வாழ்க்கையில ஒரு தடவை, ஒரு நிமிசம், கொஞ்சம் வினிகர். அதுக்கு இந்தப் பலன். அதுவும் 30லிருந்து 39 வயசுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் அதிகப் பலன். அதுக்குக் காரணம் இருக்கு: வயசாக ஆக, தீட்டு நின்ன பிறகு, நான் மேலே சொன்ன அந்த எல்லைக்கோடு கால்வாய்க்குள்ள பின்வாங்கிரும். வினிகர் தடவினாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்ப அந்த 92.

பரிசோதனைக்குக் கூப்பிடாத பகுதிகள்ல ஏழு வருசத்துல செத்துப் போன 92 பெண்கள். எரிக் சூபான்னு ஒரு அமெரிக்க டாக்டர் இந்தக் கேள்வியைக் கையில எடுத்தார். திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத்னு இந்தியாவுல மூணு இடத்துல நடந்த ஆய்வுகள்ல, ஒரு பக்கத்துப் பெண்களுக்கு எந்தப் பரிசோதனையும் செய்யாம எத்தனை பேர் சாகுறாங்கன்னு எண்ணினது நியாயமா? பாப் ஸ்மியர்னு ஒண்ணு இருக்கிறது உலகத்துக்கே தெரியுமே? 2014ல நம்ம நாட்டு மருத்துவ நெறி இதழ்லயே இதை எழுதினார். ஆய்வு செஞ்சவங்க பக்கத்துப் பதில்: இந்தியாவுல அன்னிக்கு வழக்கமான சிகிச்சைங்கிறதே 'ஒண்ணும் இல்லை'தான், இருந்த எதையும் நாங்க பறிக்கலை, விஐஏ சாவைக் குறைக்குமான்னு யாருக்கும் அப்பத் தெரியாது.

ரெண்டு தரப்பையும் திரும்பத் திரும்பப் படிச்சேன். விஐஏ பத்தி அன்னிக்கு நிஜமாவே தெரியாதுங்கிறதை ஒத்துக்கிறேன். தெரியாத ஒண்ணை லட்சக்கணக்கான பேருக்குச் செய்யச் சொல்லி அரசாங்கத்தை நம்ப வைக்க, எண்ணிக் காட்டித்தான் ஆகணும். ஆனா 'இருந்ததே ஒண்ணும் இல்லை'ங்கிற பதில் மட்டும் தொண்டையில நிக்குது. ஒண்ணும் இல்லாத நிலைமையை யாரு வச்சிருந்தது? அது அம்பிளிக்கை டாக்டர்கள் தப்பு இல்லை. எண்ணவே ஆள் இல்லாத மத்த மாவட்டங்கள்லயும் இதே சாவு நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு, அதை எந்த இதழும் அச்சடிக்கலை.

மும்பையில டாடா நினைவு மருத்துவமனை நடத்தின ஆய்வுலயும் விஐஏவால சாவு 31 சதவீதம் குறைஞ்சது, 2013ல சொன்னாங்க. ஆனா உஸ்மானாபாத்ல (இப்ப தாராசிவ்) வேற மாதிரி. 2009ல வந்த அந்த முடிவுப்படி ஒரு தடவை ஹெச்பிவி டெஸ்ட் பண்ணதுல சாவு பாதியாக் குறைஞ்சது, விஐஏல சொல்லிக்கிற மாதிரி குறையலை. ஆக வினிகர் மந்திரம் இல்லை. பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. 2021ல உலக சுகாதார நிறுவனமும் முதல் தேர்வு ஹெச்பிவி டெஸ்ட்தான்னு சொல்லிருச்சு.

வினிகர் தவற விடுற இன்னொண்ணு உண்டு. கால்வாய்க்குள்ள சுரப்பிச் செல்கள்ல ஆரம்பிக்கிற அடினோகார்சினோமா, இந்த நோய்லயே கொஞ்சம் அபூர்வமான வகை. மறைவா வளரும், பாப் ஸ்மியருக்கும் சில சமயம் தப்பிக்கும். 1951ல அமெரிக்காவுல ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கிற கருப்பினப் பெண்ணுக்கு வந்தது இதுதான். முதல்ல சாதாரண வகைன்னு எழுதி, அந்த அம்மா செத்து இருபது வருசம் கழிச்சுத்தான் அடினோகார்சினோமான்னு திருத்தினாங்க. கேட்காம எடுத்த அந்த அம்மாவோட செல்கள்தான் இன்னிக்கும் உலகத்து லேப் எல்லாத்துலயும் வாழுற ஹீலா செல்கள். சூர் ஹவுசன் 18ம் வகை வைரஸைப் பார்த்த இடங்கள்ல அந்தச் செல்களும் ஒண்ணு. சொன்னேன் இல்ல, அந்தக் கேள்வி கூடவே வருதுன்னு.

அம்பிளிக்கை கதை அத்தோட முடியலை. 2009ல ஹெச்பிவி தடுப்பூசி ரெண்டு டோஸ் போதுமா மூணு வேணுமான்னு இந்தியாவுல பல ஊர்கள்ல ஒரு ஆய்வு, அதுல அம்பிளிக்கையும் உண்டு. வேற ஒரு திட்டத்துல ஆந்திராவுலயும் குஜராத்துலயும் சில பெண் குழந்தைகள் இறந்ததா சர்ச்சை கிளம்பவும், 2010 ஏப்ரல்ல அரசாங்கம் எல்லா ஆய்வுலயும் ஊசி போடுறதை நிறுத்தச் சொல்லிருச்சு. அதனால ஆயிரக்கணக்கான பொண்ணுகளுக்கு ஒரே ஒரு டோஸோட நின்னு போச்சு. அவங்களைப் பின்தொடர்ந்து பார்த்தா, அந்த ஒரு டோஸே நல்லாத் தாங்குது! திட்டம் போட்டு நடக்காத காரியம். 2022ல உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும்னு சொன்னதுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நம்ம அரசாங்கம் என்ன பண்ணுச்சு? குறை மட்டும் சொல்லக் கூடாது. 2007 வாக்குல தேனியிலயும் தஞ்சாவூர்லயும் விஐஏ வச்சு சோதனை ஓட்டம் பார்த்து, அப்புறம் மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டு போனாங்க. இந்தியாவுலயே இது முன்னோடி. ஆனா 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்க: 30லிருந்து 49 வயசுப் பெண்கள்ல எப்பவாவது ஒரு தடவை இந்தப் பரிசோதனை செஞ்சுக்கிட்டவங்க இந்தியாவுல 2 சதவீதம்கூட இல்லை, தமிழ்நாட்டுல 10 சதவீதத்தை ஒட்டி. திண்டுக்கல் கிராமங்கள்ல இருபது வருசத்துக்கு முன்னாடி வந்தது 63 சதவீதம். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டா வர்றாங்க, போர்டு மாட்டி வச்சா வர்றதில்லை. அவ்ளோதான் வித்தியாசம்.

பெரியம்மா மகள், எங்க அக்கா, 2014ல சுகர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போச்சு. அங்க இருந்த நர்ஸ் கையோட உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளை தெரிஞ்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பயாப்ஸி எடுத்து, சின்னப் புண்ணுதான்னு குளிர் சிகிச்சை கொடுத்து அனுப்பிட்டாங்க. போன்ல என்கிட்ட சொல்லும்போது பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"ஏன்டா தம்பி, என்னமோ தடவுனாங்களே, அது என்ன மருந்துடா?"

"வினிகர்க்கா."

"எது, இந்த ஓட்டல்ல வெங்காயத்துல ஊத்தி வைப்பானே, அதுவா?"

"அதேதான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டுச்சு, "அம்மாவுக்கு ஏன்டா யாரும் அதைத் தடவலை?"